யானைக்காகத் தொடங்கிய வட்ஸ்அப் குழு: மூடிவிடுவதா, வைத்திருப்பதா?

கேள்வி | குளக்கட்டு

வணக்கம். நான் வவுனியா மாவட்டத்தில் ஒரு கமக்கார அமைப்பின் செயலாளர். எங்கள் குளத்துக்கு இரண்டு துருசுகள் (தண்ணீர் திறந்துவிடும் மதகுகள்). இடதுகரை வாய்க்காலில் எங்கள் தமிழ்க் கிராமம், வலதுகரையில் சிங்களக் கிராமம். றோட்டுப் பக்கமாக ஒன்பது முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. 1990இல் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றியவர்களில் இவர்களும் உண்டு. யுத்தம் முடிந்தபிறகு புத்தளத்திலிருந்து திரும்பி வந்தார்கள்.

மூன்று பக்கத்துக்கும் பொதுவானவை இரண்டுதான்: குளத்துத் தண்ணீர், ஆனை.

2021 வரைக்கும் நடந்தது இதுதான். எங்கள் பக்கம் ஆனை இறங்கினால் வெடி போடுவோம். அது அணைக்கட்டால் ஏறி அவர்கள் சோளத்துக்குள் போகும். அவர்கள் வெடி போட்டால் திரும்பி எங்கள் தென்னம்பிள்ளைக்குள் வரும். இரண்டு ஊரும் இரவு முழுக்க ஆனையை ஒருவர் தலையில் ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தோம். அப்படித் தள்ளுகிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. அந்த வருஷச் சிறுபோகத்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அவர்கள் பக்கத்து ஆள் ஒருவர் எழுந்து, "நீங்கள் வேண்டுமென்றே எங்கள் பக்கம் விரட்டுகிறீர்கள்" என்றார். எங்கள் ஆட்கள் அதையே திருப்பிச் சொன்னார்கள். நான்தான் நடுவில் நின்று இரண்டு மொழியிலும் சொன்னேன். அன்றைக்கே குழுவைத் தொடங்கினோம்.

எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. யுத்தம் முடிந்தபிறகு நாலு வருஷம் தெற்கில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது விடுதிப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டது. அதனால் குழுவில் எழுத்து இல்லை, வொய்ஸ் மட்டும். ஆனை, தண்ணீர் தவிர வேறு எதுவும் போடக்கூடாது. ஒருவர் சிங்களத்தில் சொன்னால் நான் தமிழில் சொல்லுவேன், தமிழில் சொன்னால் சிங்களத்தில். நான் வயலில் நின்றால் முஸ்லிம் பக்கத்துக் கடைக்கார நானா சொல்லுவார். கொஞ்ச நாளில் மொழிபெயர்ப்புக்கு அவ்வளவு தேவை இருக்கவில்லை. "அலி எனவா" என்றால் ஆனை வருகிறது என்று எங்கள் கிழவிகளுக்கும் தெரியும். அவர்கள் பக்கத்துப் பெடியன்கள் "ஆனை, ஆனை, கலிங்குப் பக்கம்" என்று தமிழில் கத்துவார்கள். கலிங்கு என்பது குளம் நிரம்பினால் தண்ணீர் வழியும் இடம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022இல் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று அழுதுகொண்டே "எங்கட தாத்தாவை ஆனை அடிச்சிட்டுது" என்று வொய்ஸ் போட்டது. சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. விடியமுன்னம் வலதுகரையிலிருந்து பத்துப் பேர் வந்துவிட்டார்கள். அப்பா இல்லாமல் போன பிள்ளை என்று நினைத்து, வந்த வழியிலேயே வீடுவீடாகக் காசு சேர்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். தாத்தாதான் என்று தெரிந்தபிறகும் அந்தக் காசைத் திருப்பி வாங்கவில்லை. செத்தவீட்டுப் பந்தலை அவர்கள்தான் போட்டார்கள்.

இனிப் பிரச்சினைக்கு வருகிறேன்.

இந்த வருஷம் மே 18 இரவு எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் முள்ளிவாய்க்கால் விளக்குப் படத்தைக் குழுவில் போட்டார். விதிப்படி நான் அழித்திருக்க வேண்டும். கை வரவில்லை. என் அண்ணன் 2009இல் அங்கேதான் காணாமல் போனார். மே 19 அரசாங்கம் படைவீரர்களை நினைவுகூரும் நாள். அன்று காலையில் வலதுகரை மாமா ஒருவரின் போனிலிருந்து ஒரு படம் வந்தது. இராணுவ உடையில் அவருடைய மகன், பக்கத்தில் சிங்கக் கொடி. அவரும் 2009இல் இறந்தவர். அதற்குக் கீழே எங்கள் தம்பி முதல்முறையாக எழுத்தில் போட்டார்: "உங்கட பெடியன் செய்ததை எங்கட பிள்ளையள் மறக்காதுகள்."

எங்கள் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள் என்பதுதான் பொருள். கடுமையான வார்த்தைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் பக்கத்தில் யாரோ அதை மொழிபெயர்க்கும் ஆப் ஒன்றில் போட்டிருக்கிறார்கள். வந்தது "மறந்துவிடாதே" என்ற எச்சரிக்கை. "உன் மகன் செய்ததை மறந்துவிடாதே" என்று செத்த பிள்ளையின் தகப்பனைப் பார்த்துச் சொன்னதுபோல ஆகிவிட்டது. மத்தியானத்துக்குள் பதினொரு பேர் குழுவிலிருந்து போய்விட்டார்கள். அந்த மாமாவும் போய்விட்டார்.

நாலாம் நாள் இரவு வலதுகரையால் மூன்று ஆனைகள் வந்தன. குழுவில் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் ஊரில் ஒரு வீட்டுச் சுவரை இடித்து, காலபோகத்துக்கு வைத்திருந்த விதைநெல் மூன்று மூட்டையைத் தின்றுவிட்டன. அந்த வீட்டில் ஒரு வயதுபோன அம்மா தனியாகப் படுத்திருந்தார். அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த இரவை நினைக்க எனக்கு இன்னும் நெஞ்சு பதறுகிறது.

குழுவை மூடச் சொல்கிறார்கள் சிலர். தமிழ் ஒன்று, சிங்களம் ஒன்று என்று இரண்டாக்கச் சொல்கிறார்கள் சிலர். நல்ல மொழிபெயர்ப்பு ஆப் இருக்கிறது, அதை எல்லோருக்கும் போட்டுக்கொடு என்கிறார் ஒருவர். இப்படியான குழு நடத்தியவர்கள் யாராவது சொல்லுங்கள், நான் என்ன செய்யட்டும்?

பதில் 1 | திகனவாசி

சகோதரி, நான் கண்டி மாவட்டம் திகனப் பக்கம். மூடவேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஏதோ கட்டி இருந்தது என்று சண்டை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மலட்டு மாத்திரை போட்டாயா என்று கேட்டார்கள். காசாளருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. சூழ நின்ற கூட்டத்துக்குப் பயந்து, கேள்வி விளங்காமலே ஆமென்பதுபோல எதையோ சொன்னார். அதை வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு பார்த்துவிட்டு அது மாக்கட்டி என்றார். அப்படி ஒரு மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் அடிபட்டுவிட்டன. உங்கள் "மறக்காதுகள்" கதையைப் படித்தபோது எனக்கு அந்த "ஆம்" தான் ஞாபகம் வந்தது.

ஒரு கிழமை போனது, எங்கள் ஊர். தெல்தெனியவில் அடிபட்ட சிங்கள லொறிச் சாரதி மார்ச் 3 இறந்தார். அடுத்த இரண்டு நாளில் திகன எரிந்தது. மார்ச் 6 அவசரகால நிலை. பிறகு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசாங்கம் கிட்டத்தட்ட ஒரு கிழமை மறித்தது. வெறுப்புப் பதிவுகள் அவ்வளவு பரவியிருந்தன. தன் தளம் அந்த நாட்களில் பயன்பட்ட விதத்துக்காக 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்பும் கேட்டது.

ஆனால் மறித்த அந்த நாட்களில் வீட்டுக்குள் இருந்தவனாகச் சொல்கிறேன். கதை நிற்கவில்லை. வாயால் வந்தது, இன்னும் பெரிதாகி வந்தது. கட்டாரில் இருந்த என் மகனுக்கு நாங்கள் உயிரோடு இருப்பதைச் சொல்ல முடியவில்லை. எங்களைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுச் சிங்கள ரீச்சர். சாதாரண கோல் எடுத்து, "முன்வாசலால் வரவேண்டாம், எங்கள் குசினிப் பக்கத்தால் வாருங்கள்" என்றார். அவருடைய நம்பர் என் மனைவியிடம் இருந்தது. பிள்ளைகள் ஒரே வகுப்பு என்பதால் இருந்தது, வேறொன்றுக்காகவும் இல்லை.

அதற்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகத்தில் நாலு பேர், விகாரைக்கு உதவும் ஊராட்களின் தாயக சபையில் நாலு பேர் நம்பர் மாற்றிக்கொண்டோம். குழு இல்லை. ஒருவருக்கு ஒருவர், சோடி சோடியாக. ஏதாவது கதை வந்தால் முதலில் சோடிக்குக் கோல் எடுக்க வேண்டும். மெசேஜ் இல்லை, கோல். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு வந்த கிழமைகளில் எனக்கு வந்த கோல்களை எண்ண முடியாது. "உங்கள் பள்ளியில் வாள் இருக்கிறதாமே" என்று கேட்டே எடுத்தார்கள். கேட்டது நல்லது. "வந்து பாருங்கள் அய்யா" என்றேன், வந்து பார்த்தார்கள். குழுவில் என்றால் ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் அப்படிக் கேட்கவும் மாட்டார்கள், நான் அமைதியாகப் பதில் சொல்லவும் மாட்டேன்.

உங்கள் குழு ஆனைக்கு இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் இப்படிச் சில சோடிகளை வையுங்கள்.

பதில் 2 | மென்பொருட்காரன்

அக்கா, நான் தமிழ், சிங்கள மொழிபெயர்ப்புக் கருவிகளில் கொஞ்சக் காலம் வேலை செய்தவன். ஆப் போட்டுக்கொடுப்பது பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் வசனத்தில் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு விளங்குகிறது. இந்த இயந்திரங்கள் எழுத்தில் இருக்கும் தமிழைப் படித்துக் கற்பவை: செய்தி, அரச சுற்றறிக்கை, விக்கிப்பீடியா, அதிலும் பெரும்பகுதி இந்தியத் தமிழ். "உங்கட", "பெடியன்", "பிள்ளையள்", "மறக்காதுகள்" எல்லாம் அதற்குப் பழக்கமில்லாத சொற்கள். "மறக்காதுகள்" என்பதைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த சொற்களில் கிட்டத்தட்ட அப்படி இருப்பதைத் தேடியிருக்கும். "மறக்காதே" கிடைத்திருக்கும். அது சிங்களத்தில் "அமதக கரன்ன எபா" என்று கட்டளையாக இறங்கிவிடும். பிள்ளைகள் மறக்கமாட்டார்கள் என்ற வருத்தம், நீ மறக்காதே என்ற மிரட்டலாகிவிட்டது.

இன்னொரு சிக்கல், பல கருவிகள் தமிழிலிருந்து நேரே சிங்களத்துக்குப் போவதில்லை. நடுவில் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்புகின்றன. எனக்கு இது எப்போதும் மனவருத்தம். தமிழும் சிங்களமும் வெவ்வேறு மொழிக்குடும்பம் என்றாலும் வசனம் கட்டும் விதம் ஒன்றுதான், இரண்டிலும் வினை கடைசியில். மரியாதைச் சொற்களும் இரண்டிலும் உண்டு. நாங்கள் நீ, நீங்கள் என்பதுபோல அவர்களுக்கு உம்ப, ஓயா, ஒப என்று இருக்கிறது. ஆங்கிலத்துக்குள் போனதும் நீயும் நீங்களும் ஒரே சொல்லாகிவிடும். திரும்பி வரும்போது எது வரும் என்று யாருக்கும் தெரியாது. அறுபது வயது ஆளுக்கு உம்ப என்று போனால் அதுவே போதும் சண்டைக்கு.

முன்னேற்றம் இல்லை என்று சொல்லமாட்டேன். கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இலும் சிங்களம் 2014இலும்தான் வந்தன. அன்றைக்கும் இன்றைக்கும் நிறைய வித்தியாசம். மொறட்டுவப் பல்கலைக்கழகத்தில் அரச ஆவணங்களுக்காகத் தமிழுக்கும் சிங்களத்துக்கும் இடையே நேரடியாகவே ஒரு கருவி செய்திருக்கிறார்கள். கமநல சேவை நிலையத்திலிருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் அதன் சாரத்தைப் பார்க்க இப்படியான கருவிகள் உதவும். கோபத்துக்கும் துக்கத்துக்கும் வேண்டாம்.

குழுவில் செய்யக்கூடியவை: செட்டிங்ஸில் புதிதாகச் சேர்பவருக்கு அட்மின் ஒப்புதல் வேண்டும் என்று மாற்றுங்கள். அட்மின் நீங்கள் மட்டும் இருக்காதீர்கள், வலதுகரையிலிருந்து ஒருவர், கடைக்கார நானா, நீங்கள் என்று மூன்று பேர். மே 17 இரவிலிருந்து 20 காலை வரை அட்மின் மட்டும் செய்தி போடலாம் என்று மாற்றிவைக்கவும் முடியும். ஆனால் ஆனைக்குத் தேதி தெரியாது. அந்த மூன்று இரவுகளிலும் யாராவது ஒரு அட்மின் விழித்திருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

பதில் 3 | முல்லைமண்

எல்லோரும் நல்ல ஆலோசனைதான் சொல்கிறீர்கள். ஆனால் நான் ஒன்றைக் கேட்க வேண்டும். ஏன் எப்போதும் விளக்கைத்தான் அணைக்கச் சொல்கிறார்கள்?

2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இரவோடு இரவாக இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தபிறகுதான் திரும்பக் கட்ட விட்டார்கள். 2024 மே மாதம் மூதூர்ப் பக்கம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பெண்களைப் பிடித்து அடைத்தார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும். அவ்வளவுதான் அந்தக் கஞ்சி. இப்போது ஒரு வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டதற்கும் நாங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டுமா? மே 19 கொடியைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லையே.

சமாதானம் என்று வருகிறவர்களிடம் எனக்கு இருக்கும் பயம் இதுதான். மூன்று மொழியில் போஸ்டர் அடிப்பார்கள், ஆப் செய்வார்கள், எங்களிடம் மட்டும் "கொஞ்சம் அடக்கி வாசியுங்கள்" என்பார்கள். என் சித்தியும் இரண்டு பிள்ளைகளும் மாத்தளனில் செத்தவர்கள். நான் அடக்கி வாசிக்கமாட்டேன்.

அதேநேரம் 2022 மே 18 கொழும்புக் காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் சிங்களப் பிள்ளைகளும் நின்று விளக்கேற்றிக் கஞ்சி குடித்தார்கள். அதைப் போனில் பார்த்து நான் அழுதேன். அங்கே எங்களை யாரும் அடக்கி வாசிக்கச் சொல்லவில்லை. அவர்கள்தான் எங்கள் பக்கம் வந்தார்கள். அப்படி நடக்கும் என்று அதற்கு முதல் வருஷம் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

அக்கா, குழு நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தம்பியைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

குளக்கட்டு எழுதியது

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கிழமை பொறுத்து எழுதுகிறேன், இடையில் சில விஷயங்கள் நடந்தன.

முல்லைமண் தம்பி, நீங்கள் எழுதியதைத்தான் நான் நாலு தரம் வாசித்தேன். அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை, அழிக்கவும் மாட்டேன். மாமாவின் மகனுடைய படத்தையும் அழிக்கவில்லை. எங்கள் ஊர்த் தம்பியிடம் ஒன்றுதான் சொன்னேன்: அந்த ஆப்பில் வந்தது இது, பார். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நான் அப்படிச் சொல்லேல்லையே அக்கா" என்றார். சொன்னது சரி என்று இன்னும் நினைக்கிறார். சொல்லாத ஒன்றுக்காக அந்த மனுசன் வேதனைப்பட்டதை அவரால் தாங்க முடியவில்லை.

அப்புறம் திகன அய்யா சொன்னபடி, நான் கடைக்கார நானாவின் ஓட்டோவில் மாமா வீட்டுக்குப் போனேன். கோல் எடுக்கத்தான் முதலில் நினைத்தேன், ஆனால் என்னிடம் இருந்த நம்பர் அவருடையதே இல்லை, பேரனுடையது. அவர் வைத்திருப்பது பழைய பட்டன் போன். படம் போட்டதும் குழுவிலிருந்து போனதும் பேரனின் கை. இவ்வளவு வருஷமும் ஒரே குழுவில் இருந்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவரிடம் ஸ்மார்ட்போன் இல்லை என்பதே எனக்குத் தெரியாது.

அவருடைய மகன் 2009 பங்குனியில் புதுக்குடியிருப்பில் செத்தவர். பெட்டி மூடியபடி வந்ததாம். திறக்க விடவில்லை. உள்ளே இருந்தது தன் பிள்ளைதானா என்று தன் மனைவி இன்னும் கேட்பதாகச் சொன்னார். என் அண்ணனைப் பற்றி நான் சொன்னேன். சித்திரை வரைக்கும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அதற்குப் பிறகு இல்லை. எனக்குப் பெட்டியும் வரவில்லை என்றேன். அவர் விளக்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்: "அது புலிக்கு ஏற்றியதுதானே?" என் அண்ணனுக்கு என்றேன். அவர் நம்பினாரா தெரியாது, பதில் சொல்லவில்லை. அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து என் பக்கத்தில் இருந்துவிட்டார். பெட்டியைப் பற்றிய பேச்சு முடிந்தபிறகும் எழுந்து போகவில்லை.

எழும்பும்போது மாமா சொன்னார்: "ஆனை வந்த அன்றிரவு நான் அணைக்கட்டில் நின்றேன் துவே (மகளே). உன் நம்பர் பேரனின் போனில் இருந்தது. எடுத்தால் நீ பேசுவாயோ என்று நினைத்து விட்டுவிட்டேன்." நானும் மறுநாள் அவரைக் கேட்டிருக்கலாம். நானும் விட்டுவிட்டேன்.

அவர் குழுவுக்குத் திரும்பி வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. பதினொரு பேரில் ஆறு பேர் வந்திருக்கிறார்கள். வலதுகரையில் ஒரு ரீச்சரும் நானாவும் இப்போது அட்மின். மென்பொருட்காரத் தம்பி சொன்ன ஒப்புதல் செட்டிங்கைப் போட்டுவிட்டோம். மே மாதத்துக்குப் பூட்டுவது பற்றி இன்னும் முடிவில்லை. ரீச்சர் வேண்டும் என்கிறார், எனக்கு மனமில்லை. அந்த மூன்று நாளும் குழு வாயை மூடிக்கொண்டிருந்தால், துக்கம் இருப்பவர்கள் எங்கே போவார்கள்?

மாமாவோடு நான் ஒரு சோடி. பட்டன் போன் என்பதால் மிஸ்ட் கோல்தான். ஒன்று என்றால் ஆனை வலதுகரையில், இரண்டு என்றால் இடதுகரையில். மூன்று என்றால் பேச வேண்டும், எடு. இப்படி ஏழு சோடி ஆகிவிட்டது. நாலு பேரிடம் பட்டன் போன்தான், இவர்கள் யாரும் குழுவுக்குள் எப்போதும் இருந்ததே இல்லை.

மென்பொருட்காரத் தம்பிக்கு ஒரு கேள்வி: எங்கள் பக்கம் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் கோபுரமும் நின்றுவிடுகிறது, மழை இரவுகளில் சிக்னலே இல்லை. ஆனை வருவதும் அந்த இரவுகளில்தான். கையில் பிடிக்கும் வோக்கி டோக்கி இரண்டு வாங்க எங்களுக்கு அனுமதி கிடைக்குமா, யாரிடம் கேட்க வேண்டும்? பழைய ஞாபகத்தில் எங்கள் ஆட்கள் அந்தச் சாமானைத் தொடவே பயப்படுகிறார்கள், மாமாவும்தான்.

நேற்றிரவு ஒன்றே முக்காலுக்கு ஒரு மிஸ்ட் கோல் வந்தது. வலதுகரை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு எட்டுப் பேர் அணைக்கட்டில் ஏறினோம். கலிங்குப் பக்கத்துக் காட்டுவழியைத் திறந்து விட்டுவிட்டு, துருசுப் பக்கமாக வெளிச்சம் காட்டி நின்றோம். வெடி போடவில்லை.